கூரத்தாழ்வானும் அவர் திருமாளிகையாரும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

தை மாதத்து ஹஸ்தம் கூரத்தாழ்வான் திருவவதரித்த நன்னாள். அன்று ஸ்ரீவைஷ்ணவர்கள் கூடும் இடமெல்லாம் அவருடைய வைபவம் உபந்யஸிக்கப்படுகிறது. அந்த உபந்யாஸம் பெரும்பாலும் சோழன் சபையில்தான் உச்சத்தைத் தொடும். ஆசார்யனுடைய காஷாயத்தைத் தாம் தரித்துச் சென்றதும், கையெழுத்திட மறுத்ததும், திருக்கண்களை இழந்ததும் சொல்லப்படும்போது கேட்போர் கண்ணீர் பெருக்குவர். பெரியோர் அவ்விடத்தில் சற்று நிறுத்தி, பின்னர் ஒரே மூச்சில் பல ஆண்டுகளைக் கடந்து, கச்சியில் பேரருளாளன் அருள் புரிந்த கட்டத்திற்கு வந்துவிடுவர்.

இடைப்பட்ட அந்த ஆண்டுகளைப் பற்றியே இங்கு எழுத விழைகிறோம். கண்ணிழந்த ஒருவர் வீடு திரும்புகிறார். மறுநாள் பொழுது விடிகிறது. அவருக்கு ஒரு தேவி இருக்கிறார், இரண்டு குமாரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த விடியல் எப்படி இருந்திருக்கும்? குருபரம்பரை நூல்கள் இதைத் தனியே எடுத்துப் பேசுவதில்லை. ஆயினும் அங்கங்கே அவை உதிர்த்துச் செல்லும் செய்திகளைக் கோத்துப் பார்த்தால் ஒரு குடும்பம் நம் கண்முன் தெரிகிறது.

காஞ்சிபுரத்திற்கு அருகிலுள்ள கூரம் என்னும் கிராமத்தில் பெருஞ்செல்வக் குடியில் தோன்றியவர் ஆழ்வான். ஸ்ரீவத்ஸாங்கர் என்பது இயற்பெயர். அதையே தமிழில் திருமறுமார்பன் என்பர். எம்பெருமானார் அவதரித்தது 1017ஆம் ஆண்டு என்பது மரபுக் கணக்கு. ஆழ்வான் அவருக்குச் சில ஆண்டுகள் மூத்தவர் என்றும் சொல்வர். நாள் முழுதும் அன்னம் வழங்கிய பின் இரவில் அவர் திருமாளிகைக் கதவு சாத்தப்படும் ஓசை காஞ்சியில் பெருந்தேவித் தாயார் செவி வரை எட்டியது என்பதும், தாயார் வினவியதைத் திருக்கச்சிநம்பிகள் வாயிலாக அறிந்த ஆழ்வான் இச்செல்வம் தகாது என்று அனைத்தையும் துறந்து ஸ்ரீரங்கத்திற்குப் புறப்பட்டார் என்பதும் வாசகர்கள் நன்கு அறிந்தவையே.

அப்பயணத்தில் ஒரு பொன்வட்டில் வருகிறது. இருளில் காட்டு வழியே நடந்தபோது, இங்கு அச்சம் ஏதும் உண்டோ என்று தேவியார் ஆண்டாள் வினவினார். மடியில் ஏதேனும் இருந்தால்தானே அச்சம் என்றார் ஆழ்வான். அப்போதுதான், அவர் அமுது செய்வதற்கென்று ஒரு பொன்வட்டிலை மட்டும் எடுத்து வந்ததை அம்மையார் தெரிவித்தார். ஆழ்வான் அதை வாங்கி வீசி எறிந்துவிட்டு நடந்தார். அவருடைய வைராக்கியத்திற்கு எடுத்துக்காட்டாக இந்த நிகழ்ச்சியைச் சொல்வது வழக்கம். அதை ஆண்டாள் நின்ற இடத்திலிருந்தும் ஒருமுறை பார்க்கலாம். வீடு, நிலம், அணிகலன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த அம்மையார் தமக்கென்று ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை. நாளை இவர் எதில் உண்பார் என்ற ஒரே எண்ணம்தான் அந்த வட்டிலாக அவர் மடியில் இருந்தது. அதையும் விட வேண்டும் என்று கணவர் கருதியபோது மறுமொழி பேசாமல் விட்டார்.

அந்த எண்ணம் மட்டும் அவரை விட்டு அகலவில்லை என்பதற்கு ஸ்ரீரங்கத்து மழை நாள் ஒன்று சான்று. ஊருக்கெல்லாம் அன்னமிட்ட ஆழ்வான் அங்கே உஞ்சவிருத்தி செய்து வாழ்ந்தார். அன்று மழையால் வெளியே செல்ல இயலவில்லை. வீட்டில் அரிசி இல்லை. ஆழ்வான் பட்டினியைப் பொருட்படுத்தாது அநுஸந்தானத்தில் ஆழ்ந்திருந்தார். இரவு பெரிய கோயிலில் அரவணை அமுதுபடிக்கான மணி ஒலித்தது. உன் அடியவர் இங்கே பட்டினியாயிருக்க நீ அங்கே அமுது செய்கின்றாயோ என்று ஆண்டாள் மனத்துக்குள் நினைத்துவிட்டார். சற்று நேரத்தில் உத்தமநம்பி மூலம் அரவணைப் பிரசாதம் வாசலுக்கு வந்தது. நடந்ததை ஊகித்த ஆழ்வான், நீ ஏதேனும் நினைத்தாயோ என்று கேட்க, அம்மையார் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அந்தப் பிரசாதத்தின் பயனாகப் பிறந்தவர்களே பராசர பட்டரும் வேதவ்யாஸ பட்டரும் என்பது ஸம்ப்ரதாயம்.

எம்பெருமானாருக்கும் ஆழ்வானுக்கும் இடையே இருந்த உறவை விளக்க இரண்டு நிகழ்ச்சிகள் போதும். இரண்டும் பின்னால் நமக்கு வேண்டியிருக்கும்.

முதலாவது காஷ்மீரப் பயணம். ஸ்ரீபாஷ்யம் அருளிச்செய்வதற்குப் போதாயன வ்ருத்தி கிரந்தம் தேவைப்பட்டது. உடையவரும் ஆழ்வானும் அவ்வளவு தொலைவு சென்று அதைப் பெற்று வரும் வழியில், அங்குள்ளோர் பின்தொடர்ந்து வந்து சுவடியைப் பறித்துச் சென்றனர். உடையவர் மனம் தளர்ந்தபோது, வழியில் இரவுகளில் கண்விழித்து அதனைப் படித்து முழுவதையும் நெஞ்சில் பதித்துவிட்டதாக ஆழ்வான் விண்ணப்பித்தார். இரண்டாவது ஸ்ரீபாஷ்யம் எழுதும் காலத்தில் நடந்தது. ஆசார்யன் சொல்லச் சொல்ல ஆழ்வான் ஓலையில் எழுதி வந்தார். தமக்கு உடன்பாடில்லாத கருத்து வந்தால் எழுத்தாணியை நிறுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. ஜீவ ஸ்வரூபத்தைப் பற்றிச் சொல்லும்போது, எம்பெருமானுக்கு உரியவனாயிருத்தல் என்னும் தன்மை விடுபட, எழுத்தாணி நின்றது. சீற்றம் கொண்ட உடையவர் அவரைத் திருவடியால் தள்ளிவிட்டு எழுந்து சென்றார். அருகிலிருந்தோர் இனி என்ன செய்வதாக உத்தேசம் என்று வினவ, உடைமையை உடையவன் தன் விருப்பப்படி நடத்துகிறான், இதில் உடைமைக்கு என்ன இருக்கிறது என்ற கருத்தில் ஆழ்வான் விடையளித்தார். பின்பு உடையவர் தம் சொல்லை மறுபடி ஆய்ந்து, ஆழ்வான் நிறுத்தியதே சரி என்று திருத்திக்கொண்டார்.

இனி அந்தச் சோழன் விஷயம். நம் நூல்கள் அவனைக் கிருமிகண்டன் என்று குறிக்கின்றன. எந்தச் சோழ மன்னன் அவன் என்பதில் வரலாற்று ஆசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. நம் நோக்கத்திற்கு அது வேண்டியதுமில்லை. சிவனுக்கு மேற்பட்ட தெய்வம் இல்லை என்று வித்வான்கள் கையெழுத்திட வேண்டும் என்று அவன் ஆணையிட்டான். ராமாநுஜர் கையெழுத்திட்டாலன்றிப் பிறர் கையெழுத்தால் பயனில்லை என்று அவனுக்கு எடுத்துக் கொடுத்தவன் நாலூரான். அவன் ஆழ்வானிடமே கற்றவன் என்பது இதில் கசப்பான செய்தி.

அரசனுடைய ஆட்கள் மடத்தைத் தேடி வந்தபோது உடையவர் நீராடச் சென்றிருந்தார். ஆழ்வான் காஷாயமும் த்ரிதண்டமும் தரித்து ராமாநுஜராகப் புறப்பட்டார். முதுமையில் தள்ளாடிய பெரிய நம்பி உடன் சென்றார். நம்பியின் திருக்குமாரத்தி அத்துழாயும் சென்றார். உடையவரை வெண்ணிற ஆடை உடுத்தச் செய்து, சிஷ்யர்கள் மேற்கே காடுகள் வழியாக ஹொய்சள நாட்டை நோக்கி அழைத்துச் சென்றனர். இக்கட்டுரையை நாம் எழுதும் கம்பைநல்லூர், தென்பெண்ணை பாயும் தருமபுரி மாவட்டத்தில் உள்ளது. தமிழ்நாட்டிலிருந்து மைசூர் நாட்டுக்கு ஏறிச்செல்லும் எல்லைப் பகுதி இது. உடையவர் எழுந்தருளிய வழியில் எங்கள் ஊர் இருந்தது என்று நாம் உரிமை கொண்டாடவில்லை. ஆயினும் கோடையிலும் இரவிலும் அந்த மேட்டு நிலத்தைக் கால்நடையாகக் கடப்பது என்றால் என்ன என்பதை இங்கிருப்போர் நன்கு அறிவர்.

சபையில் ஆழ்வான் ஓலையைக் கையில் வாங்கினார். சிவம் என்ற சொல்லுக்கு ஓர் அளவு என்ற பொருளும் உண்டு. அதைக் கொண்டு, அதற்கு மேல் த்ரோணம் என்ற அளவு இருக்கிறதே என்று எழுதினார். அரசன் சினந்து கண்களைப் பறிக்க ஆணையிட்டான். உன்னைக் கண்ட கண்கள் எனக்கு வேண்டா என்று ஆழ்வான் தாமே தம் திருக்கண்களைப் போக்கிக்கொண்டார். பெரிய நம்பியின் திருக்கண்களை அரசனுடைய ஆட்கள் பறித்தனர். அரசின் ஆணவம் ஒரு சமயத்தின் பெயரைச் சூடிக்கொண்டு செய்த கொடுமை இது. அந்தச் சமயத்தைப் பின்பற்றும் அன்பர்களைப் பழிப்பதற்கு இதை எடுத்தாள்வது ஆழ்வானுக்கு உகப்பாகாது. அவர் பின்னால் செய்ததைப் படிப்போர் இதை உணர்வர்.

இரத்தம் வழிய இரண்டு முதியவர்களை ஒரு பெண்பிள்ளை கைப்பிடித்து அழைத்து வந்த காட்சியை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். பெரிய நம்பியால் நெடுந்தூரம் நடக்க இயலவில்லை. தஞ்சைக்கு அருகில் இன்று பசுபதிகோயில் என்று வழங்கும் இடத்தில் தளர்ந்து சாய்ந்தார். ஸ்ரீரங்கம் சென்று சேரலாமே என்று வேண்டியபோது அவர் இசையவில்லை. பிராணன் போகும் நேரத்தில் ஸ்ரீரங்கத்தில் இருந்தாலன்றி மோக்ஷமில்லை போலும் என்று பின்னோர் ஐயுறுவர், எங்கே சரீரம் விழுந்தாலும் ப்ரபந்நனுக்குக் குறையில்லை என்பது விளங்கட்டும் என்று அங்கேயே திருநாடு அலங்கரித்தார். ஆழ்வான் மடியில் திருமுடியும் அத்துழாய் மடியில் திருவடியுமாக அவர் கண்வளர்ந்ததாகச் சொல்வர். தந்தையை இழந்த மகளும் கண்ணை இழந்த ஆழ்வானும் மீதி வழியைக் கடந்தனர்.

ஸ்ரீரங்கத்தில் ஆண்டாள் வாசலில் காத்திருந்தார். காஷாயம் தரித்துச் சென்றவர் மீண்டு வந்தபோது எந்த நிலையில் வந்தார் என்பதை எழுதவும் நமக்கு மனம் துணியவில்லை. அம்மையார் அழுததாகவோ அரற்றியதாகவோ குருபரம்பரையில் ஒரு சொல் கிடையாது. மழை நாளில் மனத்தில் நினைத்ததையே எம்பெருமான் கேட்டுவிட்டான் என்பதை அறிந்தவர் இம்முறை என்ன நினைத்தாரோ!

நாம் வங்கிப் பணியில் இருந்தவர்கள். ஒரு குடும்பத்தைக் கண்டால் அடுத்த மாதம் அங்கே அடுப்பு எரியுமா என்று பார்ப்பது பழகிவிட்டது. அந்தக் கண்ணோடு பார்த்தால் நிலைமை கடுமையானது. அன்றாடம் தெருவில் நடந்து உஞ்சவிருத்தி செய்து வந்தவருக்குப் பார்வை இல்லை. சேமிப்பு என்பது கூரத்திலேயே விடப்பட்டது. உதவக்கூடிய சிஷ்யர்களில் பலர் ஆசார்யனோடு மேல்நாட்டில் இருந்தனர். எஞ்சியோர் அரசனுக்கு அஞ்சி ஒடுங்கியிருந்தனர். காயம் ஆறுவதற்கு வாரங்கள் போதும். உடையவர் மேல்நாட்டில் எழுந்தருளியிருந்த காலமோ பன்னிரண்டு ஆண்டுகள் என்பது மரபு.

இதற்கிடையில் இன்னொரு கதவும் அடைபட்டது. ஆழ்வான் நம்பெருமாளை ஸேவிக்கக் கோயிலுக்குச் சென்றபோது, ராமாநுஜ ஸம்பந்தம் உடையவர் எவரையும் உள்ளே விடலாகாது என்ற அரசாணையைச் சொல்லி வாயில் காப்போர் தடுத்தனர். அவர்களுள் சிலர், இவர் நற்குணங்கள் நிறைந்தவர், எவருக்கும் தீங்கு நினையாதவர், இவரைத் தடுக்க வேண்டா என்றனர். வேறொருவராயிருந்தால் அந்த இரக்கத்தைப் பற்றிக்கொண்டு உள்ளே சென்றிருப்பார். ஆழ்வானோ பின்வாங்கினார். ஆத்மகுணங்கள் ஆசார்ய ஸம்பந்தத்தில் கொண்டு சேர்க்க வேண்டியிருக்க, அவற்றைக் காட்டி அந்த ஸம்பந்தத்தை அறுத்துக்கொண்டு ஒரு தரிசனம் எனக்கு வேண்டா என்பது அவர் எண்ணம். கண் இல்லாதவருக்கு ஸேவை ஏது என்று கேட்கலாகாது. திருவரங்கத்தில் அவருக்குத் தெரியாத படியில்லை. மணியோசை, பரிமளம், தீர்த்தத்தின் குளிர்ச்சி இவையெல்லாம் அவருக்கு இருந்தன. அவற்றையும் விட்டார்.

அதன்பின் குடும்பத்தோடு திருமாலிருஞ்சோலைக்கு எழுந்தருளினார். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நடை. பார்வை இழந்தவருக்குப் பழகிய வீடே பாதிக் கண். தூண் எங்கே, கிணறு எங்கே, வாசற்படி எத்தனை என்பது காலுக்குத் தெரியும். அந்தப் பாதிக் கண்ணையும் விட்டு, ஒரு படியும் தெரியாத ஊருக்குப் புறப்பட்ட அந்த வழியில் அவர் தோளையும் கையையும் பிடித்து நடந்தவர்கள் ஆண்டாளும் குமாரர்களுமே. கூரத்திலிருந்து வந்தபோது வட்டிலை எறிந்த கை இப்போது அம்மையார் கையில் இருந்தது.

அழகர் மலையில் பிறந்ததுதான் ஸுந்தரபாஹு ஸ்தவம். 132 சுலோகங்கள். மலையும், சோலையும், சிலம்பாறும், அழகருடைய திருமுடி தொடங்கித் திருவடி ஈறான ஒவ்வொரு அவயவமும் அதில் வருகின்றன. எம்பெருமானுடைய தோளழகை விரித்துப் பாடுவதற்கு ஒரு கண்ணில்லாதவர் வாய்த்தார் என்பதை எண்ணும்போதெல்லாம் நமக்கு உடல் சிலிர்க்கிறது. காஷ்மீர வழியில் சுவடியைப் பறிகொடுத்தபோது கிரந்தத்தை நெஞ்சிலிருந்து எடுத்தாரன்றோ! அது போலவே இப்போதும் கண்ணுக்குப் புலப்படாத திருமேனியை நெஞ்சிலிருந்து எடுத்தார். எழுத்தாணி பிடித்து ஸ்ரீபாஷ்யம் எழுதிய அவருக்கு இந்த ஸ்தவத்தை ஓலையில் ஏற்ற இன்னொருவர் கை வேண்டியிருந்திருக்கும். எவருடைய கையாயினும், அது அந்தத் திருமாளிகையைச் சேர்ந்த கையே என்று நாம் கொள்கிறோம்.

ஸ்தவத்தின் முடிவில் ஒரு விண்ணப்பம் உண்டு. ஸ்ரீரங்கம் பழையபடி விளங்க வேண்டும். ராமாநுஜரோடு மறுபடியும் அங்கே கூடியிருக்க வேண்டும் என்பது அது. போன கண்களைப் பற்றிய முறையீடாக அது அமையவில்லை. தமக்கு நேர்ந்த காயத்தைவிடக் குடும்பம் பிரிந்து கிடப்பதே ஆழ்வானுக்குப் பெருங்குறையாயிருந்தது. ஆழ்வான் குடும்பம் என்று நினைத்ததில் ஆசார்யனும் அடக்கம்.

அந்த ஆசார்யன் மேல்நாட்டில் என்ன பாடுபட்டார் என்பதும் இக்கதையில் ஒரு பகுதி. தொண்டனூர், திருநாராயணபுரம் ஆகிய இடங்களில் அவர் செய்தருளிய கைங்கர்யங்கள் பெரியவை. பிட்டிதேவன் விஷ்ணுவர்த்தனனானதும் அக்காலத்தில்தான். ஆனால் ஸ்ரீரங்கத்துச் செய்தி அறிய மாருதிச் சிறியாண்டானை அனுப்பி, அவர் திரும்பி வந்து பெரிய நம்பி திருநாடு அடைந்ததையும் ஆழ்வான் கண்ணிழந்ததையும் சொன்னபோது உடையவர் கதறினார். தம் காஷாயத்தைத் தரித்துச் சென்றதனால் அல்லவோ இது நேர்ந்தது! தமக்காக இன்னொருவர் அடிபட்டார் என்று அறிந்து உயிரோடிருப்பவருடைய வலியை எந்த மருந்தும் ஆற்றுவதில்லை. சோழன் கழுத்தில் புண் கண்டு மாண்டான் என்ற செய்தியும் வந்தது. அதனால் வழி திறந்தது, துயரம் குறையவில்லை.

உடையவர் ஸ்ரீரங்கத்திற்கு மீண்டார். ஆழ்வானும் திருமாலிருஞ்சோலையிலிருந்து வந்து சேர்ந்தார். திருவடியில் விழுந்தவரை வாரி அணைத்துக்கொண்டு உடையவர் பேச்சற்று நின்றார். தம் பொருட்டு இத்தகைய பாகவதருக்கு இப்படி நேர்ந்ததே என்று தம்மையே நொந்துகொண்டார். ஆழ்வான் உடனே ஒரு காரணம் கற்பித்தார். யாரோ ஒரு ஸ்ரீவைஷ்ணவருடைய திருமண்காப்பு கோணலாயிருக்கிறது என்று முன்பு எப்போதோ நினைத்திருப்பேன், அந்த அபசாரத்தின் பலன் இது என்றார். பாகவதாபசாரத்தின் கொடுமைக்கு உதாரணமாகவே இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அந்த நேரத்தில் எதிரே நின்றவர் முகத்தையும் சேர்த்து நினைத்தால், காயப்பட்டவர் தம்மைச் சுற்றியிருப்போரின் குற்றவுணர்ச்சியைத் தம் தலையில் ஏற்றுக்கொண்டு அவர்களை ஆற்றுகிறார் என்பதும் புரிகிறது. உங்களால் அன்று, என்னால்தான் என்று சொன்னால் அவர் சற்று மூச்சுவிடலாமே என்ற பரிவு.

இவ்விடத்தில் எங்கள் ஊரில் நாம் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். சாலை விபத்தில் அடிபட்டு ஒரு கால் செயலற்றுப்போன பெரியவர் ஒருவர் இருக்கிறார். முதல் மாதத்தில் உறவினர்கள் பழக்கூடையுடன் வந்தனர். ஆறாம் மாதத்தில் வாசல் வெறிச்சோடியது. மனைவியாரும் மக்களும் மருத்துவமனை, நேர்த்திக்கடன், எண்ணெய் வைத்தியம் என்று ஓடிக்கொண்டேயிருந்தனர். பெரியவரோ ஓராண்டுக்குள் தம் நிலைக்குப் பழகி, திண்ணையில் அமர்ந்து பேரனுக்குப் பாடம் சொல்லித்தரத் தொடங்கிவிட்டார். இன்னொரு சிகிச்சை என்று வீட்டார் சொன்னபோது வேண்டாம் என்றார். வீட்டில் பெரும் பூசல் அதனால்தான் எழுந்தது, விபத்தினால் அன்று. அடிபட்டவர் அமைதி அடைந்துவிட்டார், அன்பு வைத்தவர்கள் அடையவில்லை. இருவரில் எவர் விருப்பம் மேலோங்க வேண்டும்?

கச்சியில் நடந்ததும் இந்த வழக்குதான்.

பேரருளாளன் கேட்டதைத் தருபவன், அவனைப் பாடிக் கண்களை வேண்டிக்கொள்ளும் என்று உடையவர் நியமித்தார். ஊனக்கண் எனக்கு எதற்கு என்று ஆழ்வான் தயங்கினார். ஆயினும் ஆசார்ய நியமனத்தை மீறலாகாது என்று வரதராஜ ஸ்தவத்தை அருளிச்செய்தார். எம்பெருமானுடைய கரிய திருமேனி எப்போதும் தம் கண்ணுக்கு விஷயமாக வேண்டும் என்று பிரார்த்திக்கும் சுலோகமும் அதில் உண்டு. பாடி முடித்து, வேண்டும் வரத்தைக் கேள் என்று எம்பெருமான் திருவுள்ளம் உகந்தபோது, ஆழ்வான் வாயிலிருந்து வந்த வேண்டுகோள் எவரும் எதிர்பாராதது. தமக்குக் கிடைக்கப்போகும் பேறு நாலூரானுக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்டார். வரம் உடனே கிடைத்தது. நாலூரான் பெயரில் பற்று எழுத வேண்டிய இடத்தில் அவர் வரவு எழுதினார். கணக்குப் படித்த நமக்கு இந்தப் பேரேடு இன்றுவரை வியப்பாயிருக்கிறது.

செய்தி கேட்ட உடையவர் மகிழ்ந்தார் என்றுதானே நினைப்போம்? அவர் வருந்தினார், கோபமும் கொண்டார். ஆழ்வானுடைய கருணையில் அவருக்கு ஐயமில்லை. ஆனால் நம் விருப்பத்தை இவர் தள்ளிவிட்டாரே என்பது அவர் குறை. உம்முடைய ஆத்மாவும் சரீரமும் உமக்குச் சொந்தமோ, அவை நமக்கல்லவோ உரியவை, நம் உடைமைக்கு வந்த குறையை நீக்கிக்கொள்ள நாம் ஆசைப்பட்டோம் என்ற கருத்தில் அவர் பேசியதாகப் பெரியோர் பணிப்பர். பல்லாண்டுகளுக்கு முன் எழுத்தாணி நின்ற நாளில் ஆழ்வான் தம் வாயால் சொன்னதையே உடையவர் இப்போது திருப்பிச் சொன்னார். அன்று உதையை ஏற்க உதவிய அந்தச் சொல் இன்று கண்ணை ஏற்கும்படி அவரைக் கட்டியது. தாம் அமைதி அடைந்துவிட்டது மட்டும் போதாது. தம்மை நேசிக்கும் ஒருவர் புண்ணும் ஆற வேண்டும் என்பதற்கு ஆழ்வான் இசைந்தார். பேரருளாளனையும் எம்பெருமானாரையும் காணும் அளவுக்குப் பார்வை அருளப்பட்டது. ஆழ்வான் பெருமாளுடைய திவ்ய பூஷணங்களை ஒவ்வொன்றாகக் கண்டு சொல்ல, உடையவர் கேட்டுக் களித்தார்.

அந்தப் பார்வைக்கு ஓர் எல்லை இருந்ததை நாம் கவனிக்கத் தவறுகிறோம். பெருமாளும் ஆசார்யனும் தெரிந்தார்கள். அவ்வளவே. கையைப் பிடித்துக்கொண்டு மலைக்கும் அரங்கத்துக்கும் நடந்த ஆண்டாளுடைய முகத்தை, அது எவ்வளவு மூத்துவிட்டது என்பதை, ஆழ்வான் காணவில்லை. இதை ஒரு குறையாக அம்மையார் சொன்னதாகவும் எங்கும் இல்லை.

இத்தனைக்கும் நடுவில் அத்திருமாளிகையில் கல்வி தடைபடவில்லை. ஒரே அடியாரைச் சிறியவர் என்றும் பெரியவர் என்றும் நம்மாழ்வார் ஒருங்கே சொல்வது எப்படிப் பொருந்தும் என்று பட்டர் இளம்பருவத்தில் கேட்டதும், முதலியாண்டான், எம்பார் போன்றோரைச் சுட்டி, திருமேனியால் சிறியவர்கள், மஹிமையால் பெரியவர்கள் என்று ஆழ்வான் விளக்கியதும் ஈட்டு வ்யாக்யானம் கேட்போர் அறிந்ததே. கேட்பதும் சொல்வதுமாகவே அந்த வீட்டில் வித்யை வளர்ந்தது. அதனால் கண் போனபோதும் அது நிற்கவில்லை. பிற்காலத்தில் ஸஹஸ்ரநாமத்திற்கு பாஷ்யமும் ஸ்ரீரங்கராஜ ஸ்தவமும் அருளிய பட்டர், தந்தையார் பெருமையைத் தனியனாகப் பாடினார். தந்தையின் தியாகத்தைப் பற்றி எவ்வளவோ சொல்லியிருக்கலாம். அவரோ தந்தையின் ஸூக்திகள் வேத மாதாவின் கழுத்தில் மங்கள ஸூத்ரமாக விளங்குவதைத்தான் சொன்னார். ஊரார் ஆழ்வானைக் கண்ணிழந்தவராக நினைவிற்கொள்ள, மகன் அவரைச் சொல்லால் நினைவிற்கொண்டார்.

குமாரர்களுக்கு மணப்பருவம் வந்தபோது, நீர் இப்படிச் சும்மா இருக்கலாமா என்று ஆண்டாள் கேட்டதும், எம்பெருமான் குடும்பத்தைப் பற்றி நாம் கவலைப்படுவதா என்று ஆழ்வான் சொன்னதும், மறுநாளே பெண் கொடுக்க இசைந்து உறவினர் தாமாக வந்ததும் உண்டு. மடியில் வட்டில் வைத்திருந்த அதே ஆண்டாள்!

முடிவில் ஆழ்வான் நம்பெருமாளிடம் தமக்கு மோக்ஷம் வேண்டினார், பெருமாளும் இசைந்தார். செய்தி அறிந்த உடையவர் ஓடோடி வந்து, நமக்கு முன்னே போவதற்கு என்ன அவசரம் என்று கலங்கினார். திருநாட்டில் முன்னே சென்றவர் பின்னே வருபவரை எதிர்கொள்வது முறை. தேவரீர் எழுந்தருளும்போது அடியேன் எதிர்கொள்ள வேண்டாமா, மூத்தவர் இளையவரை எதிர்கொள்ளும்படி ஆகலாமோ என்பது ஆழ்வானுடைய விடை. உடையவர் த்வய மந்த்ரத்தை அவர் செவியில் ஓதினார். வீட்டில் ஆழ்வான் தேவியாரிடம், உன் நினைவு என்ன என்று கேட்டார். தேவரீர் திருவுள்ளமே என் நினைவு என்றார் அம்மையார். பின்பு சிஷ்யர் பிள்ளைப்பிள்ளையாழ்வான் மடியில் திருமுடியும் ஆண்டாள் மடியில் திருவடியுமாகச் சாய்ந்தார். முன்பு பெரிய நம்பியைத் தம் மடியில் தாங்கியவர் அவர்.

பட்டர் தாங்க முடியாமல் அழுதார். உடையவர் அவரைத் தேற்றி நம்பெருமாள் ஸந்நிதிக்கு அழைத்துச் சென்றார்; இனி நாமே உனக்குத் தந்தை என்று பெருமாள் அருளினார். ஸ்ரீரங்கத்தில் ஆண்டுதோறும் கைசிக ஏகாதசி இரவில் அந்த வம்சத்தில் வந்த பட்டர் ஸ்வாமி நம்பெருமாள் திருமுன்பே கைசிக புராணம் வாசிக்கிறார். விடிந்தபின் பிரம்மரத மரியாதையுடன் அவரைத் திருமாளிகையில் கொண்டு சேர்ப்பது முன்பு வழக்கமாயிருந்தது.